பதினொன்றாம் எண் கூண்டு: கடல் செய்தியைத் தேடி ஆறு நாள்

புயல் வரும், அலை எழும் என்ற செய்தி கடலில் இருப்பவனை எப்படிச் சென்று சேர்கிறது என்று பார்ப்பதற்காகவே புதுச்சேரியிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடி வரை கடற்கரையை ஒட்டியே போய்வந்தேன். இடுப்பு வலி இன்னும் தீரவில்லை. அன்றன்று இரவு எழுதி வைத்த குறிப்புகளைச் சற்றுத் திருத்தி இங்கே தருகிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய் – வில்லியனூர், எம்பலம், வீராம்பட்டினம்

பனி விலகுவதற்குள் வில்லியனூர் வந்து சேர்ந்துவிட்டேன். இணையம் என்ற சொல்லே நகரத்தில் பலருக்குப் புதிதாக இருந்த 1998ஆம் ஆண்டு ஜனவரியில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, அவற்றுக்கெல்லாம் நடுமையமாக இருந்தது இந்த ஊர்தான். தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாது என்பதால் ஊருக்கு ஊர் வானொலி அலை வழியாகவே தகவலை அனுப்பினார்கள். மின்சாரத்தையும் நம்ப முடியாது என்பதால் கூரையில் சூரியத் தகடுகளை வைத்தார்கள். மையங்களை நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். சந்தை விலை, அரசுத் திட்டம், பேருந்து நேரம், மாட்டு வைத்தியம் என்று ஊருக்குத் தேவையானவை எல்லாம் தமிழில் அங்கே கிடைத்தன. கணினியை யார் வீட்டுத் திண்ணையிலும் வைக்கக் கூடாது, எந்தச் சாதிக்காரரும் தயங்காமல் நுழையக்கூடிய பொது இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பது ஊராருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. கருவியை வாங்கித் தருவதைவிட இந்த நிபந்தனையைக் காப்பாற்றுவதுதான் கடினமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எம்பலத்தில் அந்த மையம் ஒரு கோயில் கட்டடத்தில் இயங்கியது. அக்காலத்தில் அந்தக் கட்டடத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. சாமி இருந்த வாசலுக்குள் சிலரால் நுழைய முடியாது, கணினி இருந்த வாசலுக்குள் எல்லோரும் நுழையலாம். அதைப் பார்க்கலாம் என்று நடு மதியத்தில் போய்ச் சேர்ந்தது என் அறிவீனம். கோயில் நடை சாத்தியிருந்தது. எதிரே புளியமரத்தடியில் படுத்திருந்த பெரியவர், "நாலரைக்கு மேலதான் தம்பி" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார். நாலரை வரை காத்திருந்தால் கடற்கரைக்குப் போக முடியாது. வில்லியனூருக்குத் திரும்பி நூறு ரூபாய்க்குச் சாப்பிட்டேன். வற்றல்குழம்பு நன்றாக இருந்தது, மோர் புளித்திருந்தது.

மாலையில் வீராம்பட்டினம். இந்த ஊர் மையத்தின் கதைதான் என்னை இந்தப் பயணத்துக்குத் தூண்டியது. அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் வெளியிட்ட அலை உயர முன்கணிப்பை நாள்தோறும் எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுவதும் சொன்னார்கள். உலகத்தின் பெரிய கடற்படை ஒன்று தன் கப்பல்களுக்காகக் கணித்த அலையை வைத்துக் கட்டுமரக்காரர் ஒருவர் இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்தார் என்பதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது.

செங்கழுநீரம்மன் கோயிலுக்கு அருகில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் இதைக் கேட்டேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. "மைக்குல சொன்னா வூட்டுல இருக்கிற நாங்களும் கேட்போம். அலை பெருசுன்னா ஆம்பளைங்களைப் போகாதேன்னு தடுக்கலாம். இப்ப அவங்கவங்க போன்ல பார்த்துட்டு அவங்கவங்க போறாங்க, எங்ககிட்ட யாரு சொல்றா?" என்றார். கைபேசி வந்ததால் ஒரு வீட்டுக்குள் யார் ஒதுக்கப்பட்டார்கள் என்ற கேள்வியை அதுவரை நான் யோசித்ததே இல்லை. கால் கிலோ நெத்திலிக் கருவாட்டை வாங்கிக்கொண்டேன். அடுத்த ஐந்து நாளும் பையில் இருந்த உடைகள் எல்லாம் அதன் மணத்தை ஏற்றுக்கொண்டன.

பிப்ரவரி 19, புதன் – நல்லவாடு, நாகப்பட்டினம்

காலையில் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 அன்று, இந்த ஊரைச் சேர்ந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், ஆழிப்பேரலைச் செய்தியைக் கேட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். கடல் ஏறி வருவதை வீட்டிலிருந்தவர்கள் சொல்ல, உடனே எல்லோரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார். வீட்டுக்கு வீடு போய்ச் சொல்ல நேரமில்லை. வீராம்பட்டினத்தைப் போல இங்கும் அலை உயரம் சொல்வதற்காக வைத்திருந்த ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார்கள். ஊரே ஓடித் தப்பியது. கடல் கடந்து வந்தது ஒரு தனி அழைப்பு. அதை ஊர்ச் செய்தியாக்கியது கம்பத்தில் கட்டியிருந்த கூம்பு. இரண்டில் எது இல்லாமல் போயிருந்தாலும் அந்த ஊரின் கதை வேறாகியிருக்கும்.

கடலூரில் ஏறிய பேருந்தில், பக்கத்து இருக்கையில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் உட்கார்ந்தார். காரைக்காலில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். அவருடைய கைபேசியில் திரையிலுள்ளதை ஒரு குரல் வாசித்துக்கொண்டே வந்தது. எனக்கு ஒரு சொல்கூடப் புரியாத வேகம். அவருக்கோ அது நிதானமான வேகமாம். சிதம்பரம் தாண்டியதும் பொட்டலத்தைப் பிரித்து வறுகடலையை என் உள்ளங்கையைத் தேடிக் கொட்டினார். பிறகு கைபேசியை என் பக்கம் நீட்டி, "அண்ணே, இதுல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிங்க" என்றார். வாட்ஸப் குழுவில் வந்த அரசு அறிவிப்பு ஒன்று. தாளில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். அவருடைய கருவி அதைப் பார்த்து "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

எழுத்தாக அனுப்பியிருந்தால் அரை நிமிடத்தில் அவரே கேட்டிருப்பார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மின்னணு ஊடகத்தில் உள்ள செய்திகள் எல்லோருக்கும் எட்டும் வடிவில் இருப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. சட்டம் அப்படியிருக்க, அலுவலகத்தில் ஒருவர் தாளைப் படமெடுக்கிறார். அவர் மேல் கோபம் கொள்ளவும் முடியவில்லை; முத்திரை இல்லாத செய்தியை யாரும் நம்பமாட்டார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கும் அந்த அறிவிப்பு வெறும் படம்தான் என்பது காரைக்கால் வந்து அவர் இறங்கிப் போன பிறகே எனக்கு உறைத்தது.

நாகப்பட்டினம் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. துறைமுகத்துக் கொடிமரத்தை வெளியிலிருந்து பார்த்தேன். பிப்ரவரி மாதம் என்பதால் அதில் ஒன்றுமில்லை. தொலைக்காட்சிச் செய்தியில் கேட்கும் "ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்ற வாக்கியத்துக்குப் பொருள் இந்த மரத்தில்தான் இருக்கிறது. பகலில் கூம்பும் உருளையுமான கூண்டுகளைத் தொங்கவிடுவார்கள், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளை ஏற்றுவார்கள். படிப்பு வேண்டாம், மின்கலம் வேண்டாம், மொழி வேண்டாம். கண் மட்டும் வேண்டும், அதுவும் கரைக்கு அருகில் இருக்க வேண்டும்.

அங்கே நடைப்பயிற்சிக்கு வந்திருந்த, ஓய்வு பெற்ற துறைமுக ஊழியர் ஒருவர் வரிசையை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எண் ஏற ஏறப் புயல் நெருங்கும், பத்தாம் எண் பேராபத்து. "அப்போ பதினொன்று?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "பதினொண்ணு புயலைப் பத்தினது இல்ல சார். வானிலை மையத்தோட தொடர்பு அறுந்துபோச்சுன்னு அர்த்தம். அவங்க சொல்றது நமக்கு வரல, நிலைமை மோசம்னு இங்க இருக்கிறவங்களே முடிவு பண்ணி ஏத்துறது" என்றார். புயலின் உச்சத்துக்கும் மேலே தொடர்பு அறுவதை வைத்த அந்தப் பழங்காலத்து அதிகாரி யாரோ, கடலை நன்றாக அறிந்தவர்.

பிப்ரவரி 20, வியாழன் – அக்கரைப்பேட்டை, பிறகு நாள் முழுக்கப் பேருந்து

காலையில் அக்கரைப்பேட்டையில் ஒரு தேநீர்க் கடை. அதை ஒட்டிய சிறு அறையில், விரல்ரேகை வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் கருவியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டிய மீன்கார அம்மா ஒருவர் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கருவி ஒவ்வொரு விரலையும் மறுத்தது. நாற்பது ஆண்டுகள் செதிலும் உப்பும் ஐஸும் தேய்த்த விரல்கள் அவை. ரேகை எங்கிருந்து வரும்? கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, வலது மோதிர விரலை அழுத்தியபோது ஒருவழியாக ஏற்றுக்கொண்டது. "இந்தக் கையைத் தெரியாத மீன் இல்ல. இந்தப் பொட்டிக்குத்தான் தெரியல" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். கருவிக்காரப் பெண்ணும் சிரித்தார்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடி தடைக்காலம். அதற்கான நிவாரணத்தைத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தியது. தொகை வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. இடையில் யாரும் கை வைக்க முடியாது என்பது பெரிய காரியம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கணக்குக்கும் கைக்கும் நடுவே அந்த மோதிர விரல் நிற்கிறது.

அங்கிருந்து இராமநாதபுரம் வரை பயணத்தைப் பற்றிச் சொல்ல வெயிலும் தூசியும் தவிர வேறொன்றுமில்லை. இராமநாதபுரத்தில் பாம்பன் பேருந்தில் ஏறிய பிறகுதான் என்னிடம் இருபது ரூபாய் மட்டுமே இருப்பது தெரிந்தது. நடத்துநர் நீட்டிய கருவியில் கைபேசி வழியாகப் பணம் செலுத்தினேன். வட்டம் சுற்றியது. என் கணக்கில் பணம் குறைந்துவிட்டது, அவருடைய கருவிக்கோ வந்து சேரவில்லை. மறுபடி முயன்றால் மறுபடியும் குறையுமோ என்ற பயம் எனக்கு. வண்டி நிறையக் கூட்டம், சீட்டு கொடுத்து முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

முன் இருக்கையிலிருந்த லுங்கி கட்டிய பெரியவர் ஒன்றும் பேசாமல் என் கட்டணத்தைக் கொடுத்துவிட்டார். அவருக்கு உடனே அனுப்பிவிடலாம் என்று எண் கேட்டேன். இடுப்பிலிருந்து பொத்தான் கைபேசியை எடுத்துக் காட்டினார். பொத்தான் கைபேசிக்காரர்களும் பணம் அனுப்பவும் பெறவும் 2022இல் தனி வழி வந்துவிட்டது என்று ஆர்வத்தோடு விளக்கத் தொடங்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாலத்துக்கிட்ட டீக்கடை இருக்கு தம்பி. நாளைக்கு அங்க குடுத்துருங்க, நான் வாங்கிக்கிறேன்" என்றார். தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி – பாம்பன், அரிச்சல்முனை

முதல் வேலையாக அந்தத் தேநீர்க் கடைக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்தேன். அடையாளம் சொல்ல வாயெடுப்பதற்குள், "சொல்லிட்டுப் போயிருக்காரு" என்று கடைக்காரர் வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டார். முதல் முயற்சியிலேயே நடந்து முடிந்த பணப் பரிமாற்றம் இந்தப் பயணத்தில் இது ஒன்றுதான்.

கடையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. 90.4 அலைவரிசையில் 'கடல் ஓசை'; மீனவர்களுக்கென்றே 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பாம்பனில் தொடங்கிய சமுதாய வானொலி. பாட்டுக்கு நடுவே கடல் நிலவரம் வந்தது. பேசியவரின் தமிழ் அந்த ஊர்த் தமிழ். அது பெரிய விஷயம். பல செயலிகளில் "வடகிழக்குத் திசையிலிருந்து மணிக்கு இத்தனை நாட் வேகத்தில்" என்று வருகிறது. அது தமிழ்தான், குறையில்லை. ஆனால் கரையில் வடக்குக் காற்றுக்கு வாடை, கிழக்குக் காற்றுக்குக் கொண்டல், தெற்குக்குச் சோழகம், மேற்குக்குக் கச்சான் என்று பெயர்கள் இருக்கின்றன. ஆழத்தைப் பாகத்தில், அதாவது இரு கைகளையும் விரித்த நீளத்தில், அளக்கிறார்கள். மொழிபெயர்த்தவர்களுக்குக் காற்றின் பெயர் தெரிந்திருந்தால் பாதித் தூரம் குறைந்திருக்கும்.

சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். நல்லவேளையாக, வானிலையும் இயற்கைப் பேரிடர் அறிவிப்பும் 'செய்தி' என்ற கணக்கில் சேர்வதில்லை. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. அதன் பிறகும் ஊர்க்காரர்கள் தங்கள் ஊரில் நடந்ததைத் தாங்களே செய்தியாகச் சொல்லக்கூடாது என்ற விதி எனக்கு விளங்கவில்லை.

பக்கத்திலிருந்த வலைக்காரரிடம், கடலுக்குள் இது எவ்வளவு தூரம் கேட்கும் என்று கேட்டேன். "நாட்டுப்படகுக்குப் போதும்ணே. அதுக்கு மேல போனா சிலோன் ரேடியோ இருக்கு" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை என்பது பிற்பகலில் புரிந்தது. அரிச்சல்முனையில் இரண்டு பக்கமும் கடல், மேலே கொளுத்தும் வெயில், வாயெல்லாம் மணல். கைபேசியில் நம் ஊர்க் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து மறைந்தன. சற்று நேரத்தில் இலங்கைக்கு வரவேற்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். எவ்வளவு கட்டணம் பிடிப்பார்களோ என்ற பயத்தில் உடனே கைபேசியை அணைத்துவிட்டேன். கைபேசி இல்லாமல் தனுஷ்கோடி இடிபாடுகளின் நடுவே நடந்தேன். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது இங்கேதான். அந்தச் செய்தி வெளியே தெரியவே நேரம் பிடித்தது. பதினொன்றாம் எண் கூண்டை ஏற்ற அன்று யாருக்கு நேரமிருந்திருக்கும்?

பிப்ரவரி 22, சனி – தூத்துக்குடி வழியாக நாகர்கோவில்

நாள் முழுக்கப் பயணம். தூத்துக்குடியில் இரண்டு மக்ரூன் வாங்கினேன். பையிலிருந்த கருவாட்டிடமிருந்து அவற்றைக் காப்பாற்றுவதற்காக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நாகர்கோவிலில் இறங்கியபோது, பேருந்துக் கட்டணம் என் கணக்குக்குத் திரும்பிவிட்டதாக வங்கியிலிருந்து செய்தி வந்தது. டீக்கடை டப்பா இதைவிட வேகம்.

பிப்ரவரி 23, ஞாயிறு – தூத்தூர்

நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை நெருக்கமாக அடுத்தடுத்து இருக்கும் எட்டு ஊர்களில் ஒன்று தூத்தூர். இவ்வூர்க்காரர்கள் கரையோரம் மீன் பிடிப்பவர்கள் அல்லர். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தூண்டில் போடுகிறவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வலுத்தபோது, அவர்களுடைய படகுகள் எந்தக் கைபேசிக் கோபுரத்துக்கும் எட்டாத தொலைவில் இருந்தன. கரையிலிருந்தவர்கள் தொலைக்காட்சியில் புயலைப் பார்த்துக்கொண்டிருக்க, புயலுக்குள் இருந்தவர்களுக்குச் சொல்ல வழியில்லாமல் போனது. இந்த மாவட்டத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு கருவிகள் வந்தன. செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையைப் பெற்றுக் கைபேசிக்கு அனுப்பும் 'ஜெமினி' 2019இல் வந்தது. அதில் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. ஆபத்து நேர்ந்தால் படகிலிருந்து அபயக் குறி அனுப்பும் கருவியை இஸ்ரோ அதற்கும் முன்பே செய்திருந்தது. அதில் சொல்லலாம், கேட்க முடியாது. ஒருவனுக்கு வாயும் இன்னொருவனுக்குக் காதும் கொடுத்தது போன்ற இந்த ஏற்பாட்டைச் சரிசெய்ய, இருவழிக் கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது.

திருப்பலி முடிந்து ஆலய ஒலிபெருக்கியில் அறிவிப்புகள் ஓய்ந்த பிறகு, படகு உரிமையாளர் ஒருவரின் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் கொடுத்தார்கள். காசு கொடுக்கப் போனதற்குத் திட்டும் கொடுத்தார்கள். மாடியில் உயரமான கம்பி ஒன்று நட்டு, கூடத்தில் வயர்லெஸ் செட் வைத்திருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குப் படகுகள் அழைக்கும் நேரம் என்பதால், அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். உங்கள் கணவரின் படகு எங்கே இருக்கிறது என்று ஒரு பாட்டியம்மாவிடம் கேட்டேன். "இந்நேரம் எல்லை தாண்டிப் போயிருக்கும் மக்களே. நேரா கேக்காது, வேற வள்ளம் வாங்கிச் சொல்லும்" என்றார்.

ஆறு மணி. வெறும் இரைச்சல். ஆறேகால். செட்டுக்கு அருகில் இருந்த இளைஞர் பொத்தானை அழுத்தி அழைத்துக்கொண்டே இருந்தார். யாரும் பேசவில்லை; ஒருவர் மட்டும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஆறரைக்கு ஒரு குரல் வந்தது. அது அவருடைய கணவரின் குரல் இல்லை. நடுவிலிருந்த ஒரு படகுக்காரர், தமக்கு அப்பாலிருந்த படகு சொன்னதை, அது தனக்கும் அப்பாலிருந்த படகிலிருந்து வாங்கிச் சொன்னதை, அப்படியே ஒப்பித்தார். மீன் பரவாயில்லை, ஐஸ் இருக்கிறது, இன்னும் எட்டு நாள் ஆகும். பிறகு சற்றுத் தயங்கி, "அம்மா சர்க்கரை மாத்திரை ஒழுங்கா திங்கணும்னு சொல்லச் சொன்னாரு" என்றார்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. பாட்டியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "மூணு வள்ளத்துக்கும் தெரிஞ்சு போச்சே, பாவி மனுஷன்" என்று சொல்லியபடியே எழுந்து, மாத்திரையைத் தேடி வீட்டுக்குப் போனார்.